கொதிக்கவைத்தாலும் போகாத நஞ்சு

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. பொழுது விடியும் முன்பே அமெரிக்காவின் டொலீடோ நகரத்தாருக்கு ஓர் எச்சரிக்கை: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவைத்தும் குடிக்காதீர்கள். சுமார் 4 லட்சம் பேர் பாட்டில் தண்ணீருக்கு அலைந்தார்கள். இத்தனைக்கும், கடல்போல விரிந்த ஈரி ஏரி பக்கத்திலேயே கிடந்தது.

வம்பே, ஊருக்குக் குடிநீர் தரும் அந்த ஏரியில்தான். கோடையில் அதன் மேற்குப் பகுதி பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல் ஆகிவிடும். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு அசையாமல் வைத்தால், பொடிப்பொடியான பச்சைத் துகள்கள் கொஞ்ச நேரத்தில் மேலே வந்து ஆடைபோல் படியும்.

நீலப்பச்சைப் பாசி என்கிறோம். உண்மையில் இது பாசியல்ல, வெயிலில் உணவு சமைக்கும் பாக்டீரியா. ஈரியில் ஆட்டம் போடுவது மைக்ரோசிஸ்டிஸ். செல்லுக்குள் காற்றடைத்த நுண்ணிய பைகள் இருப்பதால் மிதக்கிறது. பகலில் மாவுச்சத்து சேர்ந்து கனத்தால் அமிழும். இரவில் அது செலவானதும் மேலே வரும். வெளிச்சத்துக்கான போட்டியில் நிஜப் பாசிகள் இதனிடம் தோற்காமல் என்ன செய்யும்?

தீனி போடுவது மாமீ ஆறு. மக்காச்சோள, சோயா வயல்களின் பாஸ்பரஸை மழை வழித்துவிட, அந்த ஆறு அதைக் கொண்டுவந்து, சராசரியாக 7 மீட்டர் ஆழமே உள்ள அந்த மேற்குப் பகுதியில் கொட்டுகிறது.

மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கும். 7 அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு அது. அடுப்புச் சூட்டுக்கு அசையாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிச்சத்தில் நஞ்சின் செறிவுதான் ஏறும். பாசியையே கொன்றுவிடலாமென்று ஏரியில் மயில்துத்தம் போட்டாலும் வம்புதான்: செல் உடைந்து, உள்ளிருந்த நஞ்சு மொத்தமும் நீரில் கலந்துவிடும். அதனால்தான் சுத்திகரிப்பு நிலையங்களில் கரித்தூளைக் கலந்து நஞ்சை உறிஞ்சவிடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்; அதாவது 10 லட்சம் லிட்டருக்கு ஒரே ஒரு கிராம்.

இது புதுக்கதையும் அல்ல. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படிப்பட்ட நீரைக் குடித்து ஆடுகளும் குதிரைகளும் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் 1878-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார்.

நீலப்பச்சைப் பாசிக் குலம் முழுவதையும் பழிக்கவும் முடியாது. நம் வயல்களில் விடும் அசோலா பெரணியின் இலைக்குள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருவதும் இதன் பங்காளிதான்.

டொலீடோவில் மூன்றாம் நாள் தடை நீங்கியது. நகர மேயர் செய்தியாளர்கள் முன்னால் ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார். அடுத்த கோடையில் ஏரி மறுபடி பச்சையானது, முன்னைவிட அதிகமாகவே.