சக்கர வீட்டுக்கு மட்டமும் ஷவர் தண்ணீரும்

கோடையில் அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளிடம் போய்த் தங்கிவரும் பெற்றோர் நம் சங்கத்தில் ஆண்டுதோறும் உண்டு. அங்கே ‘ஆர்.வி.’ எனப்படும் சக்கர வீட்டை வாடகைக்கு எடுத்து, கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் என்று நம்மையும் பேரக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஓட்டுவது மகனோ மருமகனோ. வண்டியை நிறுத்தியபின் அது மட்டமாக நிற்கிறதா என்று பார்ப்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம். ரயில்வேயில் காலம் தள்ளியவனுக்கு இது பிடித்தமான வேலை.

மட்டம் எதற்கு? முதல் காரணம் ஃபிரிட்ஜ். பல ஆர்.வி.க்களில் உள்ள ஃபிரிட்ஜுக்கு நம் வீட்டில் இருப்பது போல் கம்ப்ரஸர் கிடையாது. கேஸ் சுடரோ மின்சார ஹீட்டரோ அம்மோனியா கலந்த நீரைக் கொதிக்க வைக்கும். பிரிந்துபோன அம்மோனியா திரவமாகி, மறுபடி ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகும். பிறகு அது நீரோடு கலந்து, தன் எடையாலேயே வழிந்து கொதிக்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். தள்ளிவிடப் பம்பு இல்லை. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் பாதிவழியில் தேங்கும். கொதிக்கும் பகுதி வறண்டு, அளவுக்கு மீறிச் சூடேறும். உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த உப்பு படிந்து குழாயை அடைக்கும். அடைபட்ட ஃபிரிட்ஜ் பழையபடி குளிராது. சூட்டில் குழாய் வெடித்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அந்த ஃபிரிட்ஜில்தான் குழந்தையின் பாலும் நம் இன்சுலினும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

சில தயாரிப்பாளர்கள் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை சரிவை அனுமதிக்கிறார்கள். மீட்டருக்குச் சுமார் 5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். ஓடும்போது வண்டி ஆடிக்கொண்டே இருப்பதால் திரவம் தேங்காது, நிற்கும்போதுதான் வம்பு. கம்ப்ரஸர் வைத்த புது ஃபிரிட்ஜுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் தலைப்பக்கம் தாழ்ந்த படுக்கையில் தூங்குவதும், ஷவர் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் காலடியில் நிற்பதும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு நல்லதல்ல.

நம் அகல ரயில் பாதை வளைவுகளில் வெளித் தண்டவாளத்தை 165 மில்லிமீட்டர் வரை உயர்த்துவதுண்டு. ஓடும் வண்டிக்கு அது நன்மை; அதே இடத்தில் நின்றுபோன பெட்டியில் உட்கார்ந்து பாருங்கள், டீ டம்ளர் ஜன்னல் பக்கம் நகரும்.

கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று போதும். ஒரு மீட்டர் நீளப் பலகையைத் தரையில் குறுக்காக வைத்து, மேலே ரசமட்டத்தை வையுங்கள். குமிழ் நடுவுக்கு வர ஒரு நுனியை 2 சென்டிமீட்டர் தூக்க வேண்டியிருந்தால், இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் உள்ள வண்டிக்குத் தாழ்ந்த பக்கத்தில் 4 சென்டிமீட்டர் கட்டை தேவை. இழுவை வண்டியானால், காரிலிருந்து கழற்றும் முன்பே அந்தக் கட்டைமேல் ஏற்றிவிட வேண்டும். இரட்டை அச்சு என்றால் அந்தப் பக்கத்து இரு சக்கரங்களுக்கும் கட்டை வைக்க வேண்டும். அடுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அதன்பிறகே காரைக் கழற்றி, மூக்கிலுள்ள ஜாக்கியால் முன்பின் மட்டத்தைச் சரிசெய்வது. நான்கு மூலைகளில் இருக்கும் கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றால் வண்டியைத் தூக்கினால் வளைந்துவிடும். எந்த நிலையிலும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

இனி ஷவர். பழைய ரயில் பெட்டிகளில் கூரைத்தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும். ஆர்.வி.யில் தொட்டி கீழே. 12 வோல்ட் பம்பு தள்ளுகிறது. முகாமிடத்துக் குழாயை நேராக இணைத்தால் அந்த ஊர் அழுத்தமே வேலை செய்யும். தண்ணீர் சொட்டினால் முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் கோளாறு ஷவரில்தான். தலையைக் கழற்றி வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்தால் உப்புப் படிவு கரையும். ரப்பர் குழாய் மடங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவும். இரண்டிலும் மந்தமானால் பம்பின் முன்னுள்ள சல்லடையில் குப்பை, அல்லது பாட்டரி இறங்கியிருக்கும். வெளிக்குழாயில் இருக்கும்போது மட்டும் மந்தமானால் வடிகட்டியையோ மலிவான அழுத்தச் சீராக்கியையோ சந்தேகிக்கலாம். சிலர் சீராக்கியையே கழற்றிவிடுவார்கள். அது கூடாது. சில முகாமிடங்களில் அழுத்தம் எகிறும். சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் இணைப்புகள் பிய்ந்துவிடும். அளவு மாற்றக்கூடிய சீராக்கி வாங்கி, 45 பவுண்டு அளவில் வையுங்கள். அதுவே 30 மீட்டர் உயரத் தொட்டிக்குச் சமம். நம் மும்பை அடுக்குமாடியின் மேல்தளத்தில் 3 மீட்டர் கிடைத்தாலே பெரிது.

அமெரிக்கச் சட்டப்படி ஷவர் தலை நிமிடத்துக்கு 2.5 காலனுக்கு, அதாவது 9.5 லிட்டருக்கு மேல் விடாது. உள்ளிருக்கும் தடுப்பு வில்லையைப் பிடுங்கினால் வேகம் கூடும். ஆனால் பல வண்டிகளில் வெந்நீர்க் கலன் 6 காலன், சுமார் 23 லிட்டர்தான். நம் ஊர் வாளியில் ஒன்றரைகூடத் தேறாது. கழிவுநீர்த் தொட்டியும் சீக்கிரம் நிரம்பும். காற்றைக் கலந்து பீச்சும் ஷவர் தலை அங்கே கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டுவது மேல். கைப்பிடியில் உள்ள பொத்தானால் தண்ணீரை நிறுத்திச் சோப்புப் போடலாம். மறுபடி திறக்கும்போது முதல் வீச்சு கொதிக்கக் கொதிக்க வரக்கூடும். குழந்தையை விலக்கி நிறுத்தி, கையில் பிடித்துப் பார்த்தபிறகு தலைக்கு விடுங்கள்.

கிளம்பும்போது எல்லாம் தலைகீழ் வரிசை: மூலைக் கால்களை மேலேற்றி, காரை மாட்டிப் பூட்டிய பின், கடைசியாகவே முட்டுக்கட்டையை எடுக்க வேண்டும்.