நற்றிணைத் தரவுத்தளமும் வரைபடவழி மாதிரியமைப்பும்

முன்னுரை

சங்க இலக்கியத்தைத் தரவுத்தளமாக்க முனைவோர் பாடல்களைத் தட்டச்சு செய்வதையே முதற்பணியாகக் கருதுவர். எவ்வெவ் அட்டவணைகள் தேவை, அவை தம்முள் எவ்வாறு தொடர்புறும் என முடிவுசெய்வதே உண்மையில் முதற்பணியாகும். அம்முடிவுகளின் தொகுப்பே தரவு மாதிரி. 1976-இல் பீட்டர் சென் வெளியிட்ட உருபொருள்-உறவு மாதிரியை அடியொற்றி, அதனைப் படமாக வரையும் வழக்கம் பரவியது. மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் என்னும் மென்பொருளின் துணையுடன் நற்றிணைக்கு அத்தகைய மாதிரியொன்றை வரைவதையும் திருத்துவதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரைதல்

புலவர், பாடல் ஆகிய அட்டவணைகளைத் திரையில் இரு பெட்டிகளாக இடுகிறோம். கபிலர் முதலானோர் பல பாடல்களைப் பாடியுள்ளமையால், புலவர் ஒருவர்க்குப் பாடல் பல என்னும் உறவுக் கோட்டால் அவற்றை இணைக்கிறோம். கோடு பாடலின் பக்கத்தில் காக்கையின் கால்போல் பிரிந்து நிற்கும். புலவரைச் சுட்டும் புலத்தை மென்பொருளே பாடல் அட்டவணையில் சேர்த்துவிடும். பாடியோர் பெயர் அறியப்படாத பாடல்களும் நற்றிணையில் உள. ஆதலின் அப்புலம் வெறுமையாக இருக்கவும் இசைவளித்தல் வேண்டும்.

திருத்துதல்

கூற்றினைப் பாடல் அட்டவணையில் ஒரு புலமாக வைத்தோம் எனக் கொள்வோம். நற்றிணைத் துறைக்குறிப்புகளில் ஒரே பாடலுக்கு மாற்றுக் கூற்றும் சுட்டப்படுதல் உண்டு. ஒரு புலத்தில் ஒன்றையே முறையாகப் பதியலாம். எனவே கூற்றுக்குத் தனி அட்டவணை வரைந்து, பாடலோடு பல-பல உறவால் இணைக்கிறோம். இடையே வேண்டிய இணைப்பு அட்டவணையை மென்பொருளே உருவாக்கும்.

பின்னர், ஒத்திசைவு வசதி மாதிரியையும் தரவுத்தளத்தையும் ஒப்பிட்டு, செய்யவிருக்கும் மாற்றங்களுக்குரிய கட்டளைகளை முன்னரே காட்டும். அவற்றைப் படிக்காது ஏற்றல் கூடாது. பழைய புலத்தை நீக்கினால் அதிலுள்ள தரவும் அழியும். நகலெடுத்தல், புதிய அட்டவணைகளை ஆக்குதல், தரவை மாற்றுதல், சரிபார்த்தல், அதன்பின் நீக்குதல் என்பதே தக்க வரிசை.

முடிவுரை

மாற்றுக் கூற்று பதியப்படாவிடின், தோழி கூற்றுப் பாடல்களைத் தேடும் மாணவர்க்குச் சில பாடல்கள் கிட்டா. அவர்தம் எண்ணிக்கையும் முடிவும் பிழைபடும். இக்குறையைக் கணினி அறியாது. துறைக்குறிப்பைப் பயின்ற ஆசிரியரே அறிவார். நிரலாக்கம் பயிலாத அவ்வாசிரியரும், தரவு உள்ளிடப்படுமுன்னரே படத்தைக் கண்டு மறுப்புரைக்க இயலும். வரைபடக் கருவியின் தலையாய பயன் இதுவே எனலாம்.