மூழ்குவதற்கென ஒரு கப்பல்

நுழையும்முன்

கப்பல் கட்டுவோர் யாவரும் அது மூழ்கக் கூடாதே என்னும் கவலையோடுதான் கட்டுவர். மூழ்கும் என்று தெரிந்தே, மூழ்கவும் மீளவும் ஏற்ற வகையில் கப்பல் கட்டுவோரும் உளர். வானொலி அலைகளால் இயங்கும் மாதிரிப் போர்க்கப்பல்களைக் குளத்தில் மோதவிடும் இவர்களது பொழுதுபோக்கில், மிதத்தலின் அறிவியல் கைவேலையாகிறது. அக்கைவேலையின் நுட்பங்களை விளக்குகிறது இக்கட்டுரை.

சன்னல் வெட்டிய சுவர்

ஒருவர் பல மாதங்கள் உழைத்து, ஓர் ஆள் நீளத்திற்குப் போர்க்கப்பலின் மாதிரி ஒன்றைச் செய்கிறார். கண்ணாடி இழையாலான உடற்கூடு உறுதியாக அமைந்துவிடுகிறது. உடனே அவர் கூரிய கருவி ஒன்றை எடுத்து, அதன் இரு பக்கச் சுவர்களிலும் வரிசையாகச் சன்னல்கள் வெட்டத் தொடங்குகிறார். வெட்டிய சன்னல்களை, விரலால் அழுத்தினால் உடைந்துவிடும் மெல்லிய மரத்தகட்டால் மூடுகிறார். பார்ப்பவர்க்கு இது விந்தையாகத் தோன்றும். ஆயினும் இவ்விளையாட்டின் முதல் விதி இதுதான்: எதிரியின் குண்டு துளைக்க இயலாத கப்பலுக்குக் களத்தில் இடமில்லை.

இவ்விளையாட்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1970களின் பிற்பகுதியில் தோன்றியது. கம்பியின்றிப் படகை இயக்கும் கலை அதற்கும் மிக மூத்தது. 1898ஆம் ஆண்டிலேயே நிகோலா டெஸ்லா, நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றைத் தொலைவில் நின்று வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். அவரது படகு யாரையும் சுடவில்லை. டெக்சாஸ்காரர்கள் அப்படகில் பீரங்கியை ஏற்றினர் என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

களமிறங்கும் கப்பல்கள் கற்பனையில் பிறந்தவையாக இருத்தல் கூடாது. ஏறத்தாழ 1900க்கும் 1946க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த உண்மையான போர்க்கப்பல் ஒன்றின் வடிவத்தை 144இல் ஒரு பங்காகச் சுருக்கியே கட்டவேண்டும். பெரும்பீரங்கிகள் கடலை ஆண்ட காலம் அது; பின்னர் விமானமும் ஏவுகணையும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. எதிரெதிரே நின்று குண்டு பொழியும் போர்முறை குளத்திற்குப் பொருந்துவதுபோல் ஏவுகணைப் போர் பொருந்தாது.

நீளம் 144இல் ஒரு பங்காகும்போது எடை எவ்வளவு குறையும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 144ஐ மூன்று முறை பெருக்கி வரும் 29,85,984ஆல் வகுக்கவேண்டும். செருமானியரின் 'பிஸ்மார்க்' 251 மீட்டர் நீளமுடையது. முழுச்சுமையோடு ஏறத்தாழ 50,000 டன் எடையுள்ளது. அதன் மாதிரி 1.74 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 17 கிலோகிராம் எடையும் கொண்டிருக்கும். அமெரிக்காவின் 'ஃபிளெட்சர்' வகை அழிப்புக்கப்பலின் மாதிரியோ 80 சென்டிமீட்டர் நீளம், எட்டரை சென்டிமீட்டர் அகலம். கணக்குப்படி அதன் எடை ஒரு கிலோகிராமைக்கூட எட்டாது. மின்கலம், மோட்டார், வாயுக்குப்பி, பீரங்கி, நீரேற்றி அனைத்தும் அந்த எடைக்குள் அடங்கவேண்டும். பெரிய கப்பலைக் கட்டுவது செலவு மிக்கது; சிறிய கப்பலைக் கட்டுவதே கடினமானது.

வங்கும் தோலும்

தமிழர் கப்பற்கலையில் அடிமரத்தை எரா என்றும், விலாவைப் போல் வளைந்தெழும் சட்டங்களை வங்கு என்றும் வழங்குவர். மாதிரிக் கப்பலிலும் இவ்விரண்டும் உண்டு. சன்னல் வெட்டியபின் எஞ்சி நிற்கும் குறுகிய சட்டங்களே வங்குகள். அவற்றின் மேல் ஒட்டப்படும் தோல், பால்சா மரத்தின் தகடு. ஈக்வடார் நாட்டில் மிகுதியாக விளையும் இம்மரம் முருங்கைக் கட்டையைப் போல் மென்மையானது; தக்கையைப் போல் எடையற்றது. தகட்டின் தடிமனை விதி வரையறுக்கிறது. சிறு கப்பல்களுக்கு அது ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.8 மில்லிமீட்டர். சில கழகங்களில் பெருங்கப்பல்களுக்குத் தடித்த தகடு உண்டு. உண்மைக் கப்பலின் கவசத்திற்கேற்ப அதனை அளந்து தருகின்றனர்.

பீரங்கியை இயக்குவது வெடிமருந்தன்று. அழுத்தப்பட்ட கார்பன் டைஆக்சைடு வாயு. குப்பியிலிருந்து வரும் வாயுவின் அழுத்தத்தைச் சீராக்கி ஒன்று, சதுர அங்குலத்திற்கு 150 பவுண்டு என்னும் எல்லைக்குள் அடக்கிவைக்கும். கரையில் நிற்பவர் விசையைத் தொட்டதும் அடைப்பிதழ் கண நேரம் திறக்கும். வெளிப்படும் வாயு, நாலரை மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக்குண்டைக் குழாய் வழியே தள்ளும். பெரும்பீரங்கிகளின் அளவையும் வேறுபடுத்திக் காட்ட விரும்பும் கழகங்கள், கால் அங்குலக் குண்டுகளையும் பயன்படுத்துகின்றன.

குண்டு எங்கே படுகிறது என்பதற்கேற்ப மதிப்பெண் மாறும். பரவலான ஒரு முறையில், நீர்மட்டத்திற்கு மேலே விழும் துளைக்கு 10, நீர்மட்டக் கோட்டில் 25, அதற்குக் கீழே 50. எனவே பீரங்கிக் குழாயைச் சற்றுத் தாழ்த்திப் பொருத்தி, எதிரியை நெருங்கிச் சுடுகின்றனர். திரைப்படங்களில் காண்பதுபோல் தொலைவிலிருந்து வளைந்து வரும் குண்டுகள் இங்கில்லை. சில அடித் தொலைவில் உரசுவதுபோல் ஓடிக்கொண்டே சுடும் போர் இது.

உள்ளே புகும் நீர்

துளை விழுந்தாலே கப்பல் மூழ்கிவிடும் என எண்ணுதல் தவறு. கப்பலை மூழ்கடிப்பது, வெளியேற்றும் நீரைவிட உள்ளே புகும் நீர் மிகுவதே. இயற்பியலில் நீங்கள் பயிலும் டாரிசெல்லி விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். நீர்மட்டத்திற்கு 5 சென்டிமீட்டர் கீழே உள்ள துளையில் நீர் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் பாயும். நாலரை மில்லிமீட்டர் துளையில், விளிம்பினால் ஏற்படும் குறுக்கத்தையும் கணக்கில் கொண்டால், நிமிடத்திற்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் உள்ளே வரும். பத்துத் துளைகள் விழுந்தால் ஐந்து லிட்டருக்கு மேல். பதினேழு கிலோகிராம் கப்பலுக்குள் நிமிடந்தோறும் ஐந்து கிலோகிராம் நீர் ஏறினால் அதன் ஆயுள் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிடலாம்.

நீரை வெளியேற்ற ஒரு நீரேற்றி உண்டு. ஆனால் அதன் வெளிவாய்க்கும் விதி எல்லை வகுத்துள்ளது: ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். மோட்டாரை எவ்வளவு வலுப்படுத்தினாலும் அச்சிறு துளை வழியாகவே நீர் வெளியேறியாகவேண்டும். எனவே, நீரேற்றியைச் சென்றடையும் நீரைவிட, சென்றடையாமல் மூலைகளில் தேங்கும் நீரே கட்டுநரை அச்சுறுத்துகிறது.

தட்டையான அடித்தளத்தில் இரண்டு லிட்டர் நீர் பரவிக் கிடப்பதாகக் கொள்வோம். கப்பல் திரும்பும்போது சற்றே சாய்கிறது. நீர் முழுவதும் சாய்ந்த பக்கத்திற்கு ஓடுகிறது. அவ்வெடையால் சாய்வு மிகுகிறது. அதுவரை நீருக்கு மேலே இருந்த துளைகளும் இப்போது நீருக்குள் செல்கின்றன. பத்து மதிப்பெண் துளைகள் உயிர்குடிக்கும் துளைகளாக மாறுவது இவ்வாறுதான். தாம்பாளத்தில் நீர் நிரப்பித் தூக்கிச் சென்றவர்க்கு இது புதிதன்று. அதே நீரைக் குறுகிய செம்பில் எடுத்துச் சென்றால் தளும்பல் எவ்வளவோ குறைகிறது. தேர்ந்த கட்டுநர் செய்வதும் அதுவே. எராவை ஒட்டி நடுவே ஒரு வாய்க்கால் விட்டு, இரு பக்கங்களையும் நுரைப்பொருளாலோ மரத்தாலோ சரிவாக நிரப்பிவிடுகிறார். எங்கே துளை விழுந்தாலும் நீர் சரிந்து வாய்க்காலில் இறங்கி நீரேற்றியை அடையும். வெளியிலிருந்து காண்பவர் கண்ணுக்கு இவ்வேலை புலப்படாது. மேல்தளத்தில் சிறு கோபுரங்களையும் புகைபோக்கிகளையும் அழகுறச் செய்பவர் பாராட்டுப் பெறுவார்; வாய்க்காலைச் செம்மையாக அமைத்தவர் நெடுநேரம் மிதப்பார்.

மறுசீரமைப்பு

குண்டுகள் தீர்ந்த கப்பல் உடனே கரை ஒதுங்கிவிட முடியாது. அதன் உரிமையாளர் அறிவித்த நேரத்திலிருந்து ஐந்து நிமிடம் அது களத்தில் தாக்குப்பிடித்தாகவேண்டும். நெடிய ஐந்து நிமிடம் அது! அதற்குள் மூழ்கினால், நூலில் கட்டிய மிதவை மேலெழுந்து இடத்தைக் காட்டும். போர் நிறுத்தப்பட்டபின் உரிமையாளர் குளத்தில் இறங்கித் தம் கப்பலைத் தூக்கி வருவார். ஆள் நீரில் இருக்கையில் எவரும் சுடுதல் கூடாது. கரையில் நிற்கும் அனைவரும், பார்வையாளர் உட்பட, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்கவேண்டும். இவ்விரண்டிலும் தளர்வு காட்டுவதில்லை; எஃகுக்குண்டு மரத்தகட்டைத் துளைப்பதுபோலவே கண்ணையும் துளைக்கும்.

தூக்கி வந்த கப்பலைக் கவிழ்த்து நீரை வடித்ததும் துளைகளை எண்ணுவர். அடுத்த சுற்றுக்குள் அவற்றின் மேல் மெல்லிய தாளைப் பசையிட்டு ஒட்டிவிடுவர். பழுதுபார்த்தல் அவ்வளவே. மறுசீரமைப்பு என்பது அதனினும் ஆழமானது; பருவம் முடிந்து கப்பல் பணிமேசைக்கு வந்தபின் நடப்பது.

இவ்விளையாட்டின் வரலாறே ஒருவகையில் மறுசீரமைப்பின் வரலாறுதான். தொடக்கக் காலக் கப்பல்களில் ஃபிரியான் வாயு பயன்பட்டது. அது ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்தது. அவ்வகை வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987இல் உருவானது. அவ்வாயு வழக்கொழிய, கார்பன் டைஆக்சைடு அதனிடத்தைப் பிடித்தது. உலக நாடுகள் கூடி இட்ட கையெழுத்து, ஒரு குளத்துப் பொம்மைக் கப்பலின் வயிற்றையும் மாற்றியமைத்துவிட்டது! வானொலிக் கருவிகள் முன்பு 75 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், ஆளுக்கோர் அலைவரிசையாக இயங்கின. ஒரே அலைவரிசையை இருவர் ஒருங்கே முடுக்கினால் யார் கப்பல் யார் சொல்லைக் கேட்கும்? இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் அச்சிக்கல் இல்லை. ஆனால் அவ்வலைகளை நீர் எளிதில் விழுங்கிவிடும். எனவே அலைவாங்கியைக் கப்பலின் உயரமான பகுதியில் வைக்கவேண்டியதாயிற்று.

மின்கலத்தின் கதை இன்னும் நுட்பமானது. பழைய ஈய அமில மின்கலம் பளுவானது. அது கப்பலின் அடியில் கிடந்து, மின்னாற்றலோடு உறுதிப்பாட்டையும் தந்தது. அதனை எடுத்துவிட்டு எடை குறைந்த லித்தியம் மின்கலத்தைப் பொருத்துவதாகக் கொள்வோம். பிஸ்மார்க் மாதிரியில் ஒரு கிலோகிராம் குறைந்தால், கப்பல் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் மேலெழும். அதாவது ஒரு குண்டின் அகலம்! நீர்மட்டக் கோடு இடம்மாறுகிறது. அடிப்பாரம் குறைந்ததால் எடைமையமும் உயர்கிறது. திருப்பத்தில் கப்பல் மிகையாகச் சாய்கிறது. மேம்படுத்த எண்ணிச் செய்த மாற்றமே அதனைக் கவிழ்க்கக்கூடும். எனவே கட்டுநர், எடுத்த எடையை ஈயத்துண்டுகளாக எராவின் ஓரத்தில் திரும்ப வைக்கிறார். தொட்டியில் மிதக்கவிட்டு முன்னும் பின்னும் நகர்த்திச் சரிபார்க்கிறார். குறைத்த எடையை மீண்டும் ஏற்றுவதில் என்ன பயன் எனலாம். மின்கலம் இருக்கவேண்டிய இடத்தை மின்கலமே முடிவுசெய்தது. ஈயம் இருக்கவேண்டிய இடத்தைக் கட்டுநர் முடிவுசெய்கிறார்.

இவையெல்லாம் போரை விளையாட்டாக்குவதன்றோ என்னும் வினா எழலாம். நியாயமான வினாவே. 1941 மே 24ஆம் நாள் பிஸ்மார்க்கோடு மோதிய பிரித்தானியரின் 'ஹூட்' வெடித்து மூழ்கியபோது, அதிலிருந்த 1,400க்கும் மேற்பட்டோரில் மூவரே பிழைத்தனர். மூன்று நாள் கழித்து பிஸ்மார்க்கும் கடலடிக்குச் சென்றது. ஹூட்டைக் கட்டும் ஒருவர் அதன் வரைபடங்களைப் பல மாதம் ஆராய்கிறார். எந்தத் தளம் எங்கே இருந்தது, கவசம் எங்கே மெலிந்திருந்தது என்பதை அறிகிறார். அவ்வாறு அறிந்தவர்க்கு அக்கப்பல் வெறும் பெயராக இருப்பதில்லை. குளத்து ஹூட் சில நிமிடங்களில் நூலின் முனையில் மேலே வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கட்டுநர் ஒவ்வொரு முறையும் தம் கைகளாலேயே தூக்கி உணர்கிறார். இதனால் வினா முற்றும் தீர்ந்துவிடுவதாகச் சொல்ல மாட்டேன்.

பணிமேசையில் இப்போது ஹூட் கிடக்கிறது. ஒட்டுத்தாள்கள் நிறைந்த பழைய தோலைக் கட்டுநர் பட்டை பட்டையாக உரித்தெடுக்கிறார். எறிவதற்குமுன் அதனை விரித்துத் துளைகளின் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்கிறார். வலப்பக்கப் பின்பகுதியில், சுக்கானுக்குச் சற்று முன்னே அவை செறிந்திருக்கின்றன. திரும்பி ஓடும்போது அப்பகுதியையே எதிரிக்குக் காட்டிக்கொண்டிருந்தது புலனாகிறது. உள்ளே பார்த்தால் அங்கேதான் வாய்க்கால் சுக்கான் மோட்டாரைச் சுற்றி வளைந்து, நீர் தேங்குமளவு குறுகியிருக்கிறது. மோட்டாரை இரண்டு விரற்கடை மேலே தூக்கிப் பொருத்த இடமிருக்கிறதா என அளந்துவிட்டு, புதிய பால்சாத் தகட்டை ஈரப்படுத்தி வளைக்கத் தொடங்குகிறார்.