மழையில் கரையும் பனிமலை

1623ஆம் ஆண்டு, நியூகினித் தீவின் தெற்குக் கரையோரமாகக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டச்சுக்காரர் யான் கார்ஸ்டென்ஸ், மேகம் விலகிய ஒரு நாளில் தொலைதூர மலைகளின் உச்சியில் பனியைக் கண்டார். அவருடைய குறிப்பை ஐரோப்பாவில் நம்ப ஆளில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து நான்கே பாகை தள்ளியிருக்கும் இடத்தில் பனியா?

பனிதான். இந்தோனேசியாவின் பப்புவாப் பகுதியிலுள்ள புஞ்சாக் ஜெயாவின் உயரம் 4,884 மீட்டர். இமயத்துக்கும் ஆண்டிஸுக்கும் இடையே இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. உலகத்தின் எந்தத் தீவிலும் கிடையாது. தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் சதுப்புக் காடும் அரபுராக் கடலும் வந்துவிடுகின்றன. உச்சிப் பாறையே ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். ஆஸ்திரேலியத் தட்டும் பசிபிக் தட்டும் மோதிக்கொண்டதில் மேலே தூக்கப்பட்டது.

இங்கே கோடையும் குளிர்காலமும் இல்லை. ஓர் ஆண்டின் மாதங்களுக்கு இடையே உள்ள வெப்ப வேறுபாட்டைவிட ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. காலையில் தெளிந்திருக்கும் வானத்தைக் கடலிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று முற்பகலுக்குள் மேகத்தால் மூடிவிடும். பிற்பகலில் கொட்டும். அது மழையாக விழுமா, பனியாக விழுமா என்பதுதான் இந்த மலையின் உயிர்நிலை. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை பாகைக்குச் சற்று அதிகமாகக் குறையும். உறைநிலைக் கோடு வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். இமயத்தின் பனியாறுகளுக்கு உருகாமல் இளைப்பாறக் குளிர்காலம் உண்டு. இந்த மலையின் பனிக்கு அந்த அவகாசமும் கிடையாது. உலகம் சூடாகச் சூடாக, உறைநிலைக் கோடு மலையின் தலைக்கு மேலேயே போய்விடும்.

2010இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லானி தாம்சன், இந்தோனேசிய வானிலைத் துறையினருடன் பனிமேல் கூடாரம் அடித்து, அதன் அடுக்குகளைப் படிக்கத் துளையிட்டபோது, விழுந்தது மழை. ஏறத்தாழ தினமும் விழுந்தது. அந்த இரண்டு வாரத்துக்குள் காலடியில் பனியின் மட்டம் சுமார் 30 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் வெண்மை, மழையில் நனைந்ததும் மங்கிப்போகிறது; பனியை மூடிக் காக்கும் புதுப்பனியும் சேர்வதில்லை.

அடிப்பாறை வரை துளைத்தார்கள். 32 மீட்டரில் தட்டியது. அந்தத் துளைக்குள் அவர்கள் விட்டுவந்த கருவி எளிமையின் அழகு: கயிற்றில் கோத்த பி.வி.சி. குழாய்த் துண்டுகள். கோடையில் கிணற்று நீர் இறங்க இறங்கக் கயிறு உள்ளே நீளும். இங்கே பனி இறங்க இறங்கக் கயிறு வெளியே நீள்கிறது. வெளியே கிடக்கும் துண்டுகளை எண்ணினால் போதும். 2010 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் போனது. அடுத்து வந்த வலுவான எல் நீனோவில், ஆண்டுக்கு ஐந்து மீட்டர் என்ற வேகத்தில் கரைந்தது. 1850 வாக்கில் சுமார் 19 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்த பனி, 2018இல் அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

துளையிடுவதை உள்ளூர்ப் பழங்குடியினர் சிலர் எதிர்த்தார்கள். பனி அவர்களுக்குக் கடவுளின் தலை. அந்தத் தலையைத் துளைத்து நினைவுகளைத் திருடுகிறார்கள் என்றார்கள். ஆய்வாளர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிய பிறகே சமாதானம் ஆனது. பனி அடுக்குகளில் பழைய காலத்தின் வானிலைதான் பதிந்திருக்கிறது என்பதால், அந்த மக்கள் சொன்னதில் தவறே இல்லை.

1936இல் இங்கே வந்த டச்சுப் பயணக் குழுவில் இருந்த நிலவியலாளர் டோசி, பக்கத்தில் ஒரு செம்புத் தாதுக் குன்றைக் கண்டார். அதைத் தொடர்ந்து வந்த சுரங்கம், 1988க்குப் பிறகு அருகிலிருந்த கிராஸ்பெர்க்கில் உலகின் மாபெரும் செம்பு, தங்கக் குழிகளில் ஒன்றாக வளர்ந்தது. சாலை வெட்ட, கம்பிவடம் இழுக்க, மலையைக் குடைந்தெடுக்க ஆளும் பணமும் தாராளமாகக் கிடைத்தன. பனியை 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து போனார்கள். அடிவரை துளைத்துப் படிக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பக்கத்து மெரன் பனியாறு முழுதாக மறைந்துவிட்டது. தாதுவுக்குக் காட்டிய அவசரத்தில் பத்தில் ஒரு பங்கைப் பனிக்கும் காட்டியிருக்கலாம்.

இப்போது இந்தச் சிகரத்துக்கு அதிகம் வருபவர்கள், ஒவ்வொரு கண்டத்திலும் மிக உயர்ந்த மலையில் ஏற விரும்புகிறவர்கள். குழாய்த் துண்டுகளை எண்ண வானிலைத் துறையினரால் அடிக்கடி மேலே போக முடிவதில்லை. மலையேறும் குழுக்கள் மிச்சமிருக்கும் பனியின் விளிம்பை ஒரே இடத்தில் நின்று, தேதி குறித்துப் படம் எடுத்து அவர்களிடம் சேர்த்தால், அது சிகரத்தில் எடுக்கும் படத்தைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.