மூச்சுக்குழாயில் ஒரு தூது

மாந்தர் உயிர் நிலைபெறுவது மூச்சினாலன்றோ? அம்மூச்சு இயங்கும் குழாய்களின் உட்புறத்தே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று என்றும் படர்ந்திருத்தல் வேண்டும். உப்பையும் நீரையும் அளவோடு நிறுத்தி அதனைக் காப்பது ஒரு புரதமாகும். அப்புரதத்தை ஆக்கும் மரபணு பழுதுற்றால் சளி இறுகும், கிருமிகள் குடிபுகும், நுரையீரல் நாளடைவில் நலியும். இக்கொடிய நோயைச் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்பர். இதற்குரிய மரபணு 1989-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

பழுதற்ற மரபணுவை உயிரணுவினுள் புகுத்தின் நோய் தணியும் என அறிஞர் எண்ணினர். அதற்கு வைரசைத் தூதாக விடுத்தல் ஒரு வழி. ஆயின், உடலின் காப்பாற்றல் அதனைப் பகையென அறிந்து, மீண்டும் வருங்கால் எதிர்த்து அழிக்கும். ஆகவே, செயற்கைக் கொழுப்பை நாடினர். மரபணு எதிர்மின் தன்மையது. அக்கொழுப்பு நேர்மின் தன்மையது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து நுண்ணிய பொதிகளாகும். நோயாளர் அவற்றை மென்பனி போன்ற துளிகளாக உள்ளிழுப்பர். உயிரணு பொதியை விழுங்கும், பொதி அவிழும், மரபணு அணுவின் கருவை நோக்கிச் செல்லும்.

எனினும், வழி எளிதன்று. இறுகிய சளி தடுக்கும். அணுவின் உறை தடுக்கும். கருவின் சுவர் தடுக்கும். உட்சென்ற மரபணுவும் நெடுநாள் பயன்தராது. பிரிட்டனில் ஓராண்டுக் காலம் திங்கள்தோறும் இதனை வழங்கி ஆராய்ந்தனர். முடிபு 2015-இல் வெளிவந்தது. போலிமருந்து பெற்றோரினும் இதனைப் பெற்றோர்தம் மூச்சாற்றல் 3.7 விழுக்காடு மேம்பட்டிருந்தது. பயன் சிறிதே, ஆயினும், வைரசின் துணையின்றியும் இப்பணி இயலும் என்பதற்கு அது சான்றாயிற்று.

இந்நோய்க்கு இன்று நன்மாத்திரைகள் உள. ஆனால், அப்புரதமே உண்டாகாத சிலர்க்கு அவை பயன்படா. அன்னார்க்கு இத்தகைய தூதே நம்பிக்கையாகும்.