சொல்லின் வம்சம் – 17: ஷேக்ஸ்பியருக்கு எலிசபெத் என்ன முறை?

'பெடிகிரி' என்ற சொல்லுக்குள் ஒரு கொக்கின் கால் ஒளிந்திருப்பதைப் போன வாரம் பார்த்தோம். வம்சாவளிப் பட்டியலில் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் அந்த மூன்று கோடுகள்தான். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம், பழைய ஆங்கிலேயர்கள் சொந்தபந்தத்தை ஈட்டிப் பக்கம், கதிர்ப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்த கதையைச் சொல்வதாக இருந்தேன். அதற்கான உயில் ஒன்றைத் தேடப்போய் வேறோர் உயிலில் மாட்டிக்கொண்டேன். ஷேக்ஸ்பியர் எழுதி வைத்த உயில் அது.

தேதி, 1616 மார்ச் 25. மொத்தம் மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. பிரிட்டிஷ் அரசின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஒரு மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 23 அன்று, மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த உயில் என்றாலே மனைவிக்கு அவர் எழுதி வைத்த 'இரண்டாவது நல்ல கட்டில்' பற்றித்தான் பேச்சு. அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்த ஆராய்ச்சியாளர்கள் இன்னும் எழுந்தபாடில்லை.

அதைவிட ருசியான சங்கதி ஒன்று அதே தாள்களில் கிடக்கிறது. எலிசபெத் ஹால் என்ற சிறுமியை உயில் 'நீஸ்' என்று குறிப்பிடுகிறது. கைதவறி எழுதியதாகச் சொல்ல முடியாது. அவளுக்குப் பணம் ஒதுக்கும் இடத்திலும் நீஸ், சொத்து யாருக்குப் பின் யாருக்குப் போகவேண்டும் என்று வரிசை கட்டும் இடத்திலும் நீஸ். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு உடன்பிறந்தாரின் மகள் என்றுதான் பொருள். ஆனால் இந்த எலிசபெத், ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சூசன்னாவுக்கும் மருத்துவர் ஜான் ஹாலுக்கும் பிறந்த ஒரே பெண். அப்போது அவளுக்கு வயது 8. சந்தேகமே வேண்டாம், மகள் வயிற்றுப் பேத்தி!

அன்றைக்குப் பேத்தியையும் நீஸ் என்று சொல்லலாம், பேரனையும் நெஃப்யூ என்று சொல்லலாம். மூலம் லத்தீனின் 'நெபோஸ்'. அதற்குப் பேரன் என்றும் வழித்தோன்றல் என்றும் பொருள். உடன்பிறந்தாரின் மகன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன். ரிக் வேதத்தில் வரும் 'அபாம் நபாத்' என்ற தெய்வத்தின் பெயரில் இருக்கும் நபாத்தும் இதே வேர்தான். நெஃப்யூ என்ற சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குள் வந்தபோது, அங்கே ஏற்கெனவே 'நெஃபா' என்றொரு சொந்தச் சரக்கு இருந்தது. அதற்கும் இதே இரட்டை வேடம்.

ஒத்தெல்லோ நாடகத்தின் முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உன் மகள் ஒத்தெல்லோவோடு போய்விட்டாள், இனி உன் நெஃப்யூக்கள் குதிரை மாதிரி கனைப்பார்கள் என்று பிரபான்சியோவைச் சீண்டுகிறான் இயாகோ. மகளுக்குப் பிறக்கப்போகிறவன் பேரன் அல்லாமல் வேறு யார்? 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இப்படி ஓர் இடம் உண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், விதவைகளை யார் பராமரிக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நெஃப்யூக்கள் வருகிறார்கள். நம் தமிழ் பைபிளைப் பிரித்தால் அங்கே பேரன் பேத்திகள் இருப்பார்கள். தமிழ்தான் மூலத்துக்கு நெருக்கம்.

இத்தாலியில் இந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. 'நிப்போத்தே' என்றால் பேரனும் உண்டு, பேத்தியும் உண்டு, உடன்பிறந்தாரின் பிள்ளைகளும் உண்டு. இந்தச் சொல்லை நன்றாக அனுபவித்தவர் போப் மூன்றாம் பால். 1534 அக்டோபரில் பதவிக்கு வந்தார். டிசம்பரிலேயே இரண்டு பையன்களைக் கார்டினல் ஆக்கினார். அலெசாண்ட்ரோவுக்கு வயது 14, குயிதோ அஸ்கானியோவுக்கு 16. முன்னவன் மகன் வயிற்றுப் பேரன், பின்னவன் மகள் வயிற்றுப் பேரன். போப்புக்கு ஏது மகனும் மகளும் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்து ரோமில் அப்படிக் கேட்டவர்கள் குறைவு. ஓவியர் டிஷியன் இந்தக் குடும்பத்தை வரைந்த படம் நேப்பிள்ஸ் நகரின் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிழவர் கூன் விழுந்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கார்டினல் உடையில் அலெசாண்ட்ரோ. பக்கத்தில் அவன் தம்பி ஒட்டாவியோ, தேவைக்குமேல் குனிந்து கும்பிடு போடுகிறான். தாத்தாவின் பார்வையோ அவன்மேல் சந்தேகமாக விழுகிறது. படத்தின் இத்தாலியத் தலைப்பில் இருவரும் 'நிப்போத்தி'கள்தான்.

நெப்போட்டிசம் என்ற சொல் பிறந்தது இப்படிப்பட்ட நிப்போத்திகளால்தான். 1692இல் போப் பன்னிரண்டாம் இன்னொசென்ட், சொந்தக்காரரில் ஒருவருக்கு மேல் கார்டினல் ஆக்கக்கூடாது என்று ஆணை போட்டார். ஒருவருக்கு மட்டும் அப்போதும் இடம் வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் 'கிராண்ட்சன்' 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்து, மெல்ல மெல்ல நெஃப்யூவைப் பேரன் ஸ்தானத்திலிருந்து இறக்கிவிட்டது. ஷேக்ஸ்பியரின் உயில், இரண்டு சொற்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த காலத்தைச் சேர்ந்தது. அந்த எலிசபெத் இரண்டு முறை மணந்தும் பிள்ளையில்லாமல் 1670இல் இறந்தாள். ஷேக்ஸ்பியரின் நேர்வாரிசு அவளோடு முடிந்தது.

ஆகவே, பழைய ஆங்கில உயிலோ தேவாலயப் பதிவேடோ கையில் கிடைத்தால், நெஃப்யூ என்று கண்டதும் வம்சாவளியில் பக்கவாட்டில் கோடு இழுத்துவிடாதீர்கள். முதலில் ஆண்டைப் பாருங்கள். 1600ஐ ஒட்டியது என்றால், கோடு கீழ்நோக்கியும் போகலாம்.

ஈட்டியும் கதிரும் அடுத்த வாரம். ஆல்ஃப்ரெட் மன்னரின் உயிலை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை நம்பலாம்.