அஞ்சிக்கு முகம் எது?

டென்மார்க்கின் கோபன்ஹேகன் அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு பளிங்குத் தலை இருக்கிறது. அகன்ற முகம், இடுங்கிய கண்கள், உருண்டு திரண்ட மூக்கு, சுருக்கம் விழுந்த நெற்றி. முன்மயிரை மட்டும் அலெக்சாந்தரைப் போல மேலே தூக்கிச் சீவியிருக்கிறார். ரோமாபுரியின் படைத்தலைவரும் அரசியல் தலைவருமான பொம்பேயுஸ்தான் அவர். கி.மு. 48இல் எகிப்துக் கரையில் அவருடைய தலையைக் கொய்தார்கள். அதைக் கொண்டுவந்து காட்டியபோது அவருடைய எதிராளியான சீசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பொம்பேயுஸின் முத்திரை மோதிரம் கைக்கு வந்ததும் அழுதுவிட்டார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். வெட்டுண்ட தலை மண்ணாகிவிட்டது. அவர் மறைந்து பல்லாண்டு கழித்துச் செதுக்கிய இந்தக் கல் தலை, ரோமில் ஒரு குடும்பக் கல்லறையில் கிடைத்தது.

அந்தத் தலையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் அதியமானை நினைத்துக்கொள்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் சிறிது தூரம் போனால் அதியமான்கோட்டை. அங்கே கோட்டம் எழுப்பி, அதியமானுக்கும் ஔவைக்கும் சிலை வைத்திருக்கிறோம். வணங்கத்தக்க முயற்சிதான். ஆனால் அந்த முகம் நம் காலத்துச் சிற்பியின் மனத்தில் தோன்றிய முகம். அன்று தகடூர் எனப்பட்ட தருமபுரியை ஆண்ட அந்த அதியமான் நெடுமான் அஞ்சி எப்படி இருந்தான் என்று காட்டும் கல்லோ காசோ நம்மிடம் இல்லை.

ரோமானியர் முகத்தை விடாமல் பிடித்துவைத்தவர்கள். பெருங்குடும்பத்து வீடுகளில் இறந்த முன்னோரின் மெழுகு முகங்கள் பேழைகளில் இருக்கும். வீட்டில் இழவு விழுந்தால் அவற்றை அணிந்துகொண்டு ஆட்கள் ஊர்வலத்தில் நடப்பார்கள். பாட்டனும் பூட்டனும் எழுந்து வந்து கூடவே நடப்பதுபோல் இருக்குமாம். அதனால்தான் அந்தப் பளிங்கில் சுருக்கத்தைக்கூட மறைக்கவில்லை.

அந்த முகங்கள் தமிழ்நாட்டுக்கும் வந்தன, பொற்காசு ஏறி. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. இது இனிக் காசாகப் புழங்காது, எடைக்குப் பொன் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது பலர் தரும் விளக்கம். கன்னத்தில் ஆழமாக இறங்கிய அந்த வெட்டை உற்றுப் பார்த்திருக்கிறேன். வெட்டியவர் கை தயங்கியதாகத் தெரியவில்லை.

அஞ்சியின் காலத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது முகமல்ல, ஒரு வரி எழுத்து. 1981இல் திருக்கோவிலூருக்கு அருகே சம்பை மலைக் குகையில் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் அதைக் கண்டார்கள். தமிழ் பிராமி எழுத்து. கி.பி. முதல் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பதுதான் செய்தி. துறவிகள் தங்க அவன் கொடுத்த குகை அது.

அந்த ஒரு வரி பழைய வழக்கொன்றைத் தீர்த்துவைத்தது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரும் வருகிறார். அது யார் என்று அறிஞர்கள் ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். விடை பெண்ணையாற்றங்கரையில் மலைக்குகைக்குள் இருந்தது. மூவேந்தரோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணிய குடி நம் தகடூர்க் குடி என்பதை இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். குகை இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. அஞ்சி கோவலூரை வென்றதாகப் புறநானூறு சொல்கிறதே, அந்தக் கோவலூர்தான் திருக்கோவிலூர். பாட்டும் கல்லும் ஒரே வட்டாரத்தில் வந்து நிற்கின்றன.

ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை மட்டும் சொல்லி அஞ்சியை வள்ளல் என்று முடித்துவிடுகிறோம். தொண்டைமானிடம் தூது போக ஔவை என்னும் புலவரை, அதுவும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தவன் அவன். சொல் எங்கே வேலை செய்யும், வேல் எங்கே வேலை செய்யும் என்று தெரிந்த ஆட்சியாளன். கடைசியில் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்த போரில் வீழ்ந்தான்.

அவனுக்கு நட்ட கல்லைப் பற்றி ஔவையே பாடியிருக்கிறார். மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா ஏற்றுக்கொள்வான் என்று கேட்கிறார். அந்தக் கல் கிடைக்கவில்லை. ஆனால் அதன் வழியில் வந்த கற்கள் இந்த வட்டாரமெங்கும் நிற்கின்றன, தருமபுரி அகழ்வைப்பகத்திலும் வரிசையாக இருக்கின்றன. பல்லவர் காலத்துக் கல் ஒன்றின் முன்னால் குனிந்து பார்த்தால் தெரியும்: ஒரு கையில் வில், மறு கையில் வாள், பக்கவாட்டில் சரிந்த கொண்டை, காலருகே கெண்டியும் சிமிழும். மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சியாண்டு. தொறு மீட்டுப் பட்டான் என்ற செய்தி. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். ஆளின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும். முகம் மட்டும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இந்தக் கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசி மூக்கும் கண்ணும் தேய்ந்துவிட்டன. பொங்கல் வைக்கும் நாளில் கல்லைக் கழுவிப் புதுத்துணி கட்டி, அந்த மழுங்கிய நெற்றியைக் கையால் தடவிப் பார்த்துப் பொட்டு வைக்கிறார்கள்.